வாரம் 600 டாலர் முகம்

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழித்துக் கொண்டிருந்தபோது என் முதல் வேலையின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அகப்பட்டது. நாலு பக்கம், டைப் அடித்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் காப்பி சொட்டிய மாதிரி ஒரு கறை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. அந்த வயசில் எனக்குப் பெரிய சுழியெல்லாம் போட்டுக் கையெழுத்திடுகிற பழக்கம். கீழே இரண்டு அடிக்கோடு வேறு.

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள், முதல் பக்கத்திலிருந்து. அப்படி முதல் பக்கத்திலிருந்து அதைப் படித்த முதல் ஆசாமி அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதையெல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"பின்னே?"

"அப்படின்னா பதினோராவது ஷரத்து என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

முழித்தேன். பதினோராவது ஷரத்தின்படி, கம்பெனி என்னை எந்த நேரத்திலும் எந்த ஊருக்கும் மாற்றலாம், நான் ஏன் என்று கேட்கக் கூடாது. சேர்ந்த மூன்றாவது மாதமே ஒரிஸ்ஸா எல்லையில் தபால்காரரே வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிற ஓர் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். 'இது அநியாயம் ஸார்' என்று மானேஜரிடம் சண்டை போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் இந்தக் காகிதத்தின் நகலை எடுத்து, சுழி போட்ட இடத்தை மட்டும் காட்டினார். (கம்பெனி பெயர் வேண்டாம். அவர்களிடமிருந்து எனக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.)

உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் படித்தீர்களா? சம்பளம் எவ்வளவு என்கிற வரியைத் தேடியிருப்பீர்கள். பிறகு நேராகக் கையெழுத்துப் போடுகிற இடம். நடுவில் இருப்பதெல்லாம் டைப்பிஸ்ட்டின் பிழைப்புக்காக என்று விட்டிருப்பீர்கள். ஷரத்து படிக்காமல் கையெழுத்துப் போட்டோர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால் கோடிக்கணக்கில் மெம்பர் சேருவார்கள். தலைவர் பதவிக்கு மட்டும் நான் ஓர் அமெரிக்கரின் பெயரை முன்மொழிவேன். ஆள் இப்போது உயிரோடு இல்லை, பரவாயில்லை. பெயர் டேவிட் காஸிடி. நான் எழுதிக் கொடுத்தது எந்த ஊருக்கும் போவேன் என்ற சம்மதம்தான். அவன் எழுதிக் கொடுத்தது தன் முகத்தை.

1970 முதல் 1974 வரை, மீசை அரும்பாத ஒரு பையனின் முகத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கப் போன பெண்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எத்தனை லட்சம் என்று கணக்கு இல்லை. எல்லாம் பத்து வயசிலிருந்து பதினைந்து வயசு வரை. அவனுடைய ரசிகர் மன்றம் எல்விஸ் பிரெஸ்லியுடையதை விட, பீட்டில்ஸுடையதை விடப் பெரிசு என்று அந்த நாளில் சொன்னார்கள். ரசிகர் மன்றங்களின் கணக்கை எந்த ஊரிலும் அப்படியே நம்பக் கூடாதுதான். ஆனாலும் பாதியாகக் குறைத்தாலும் பயமாகத்தான் இருக்கும்.

பையன் நாடகக் குடும்பத்துப் பிள்ளை. 1950 ஏப்ரல் 12-ல் நியூயார்க்கில் பிறந்தான். அப்பா ஜாக் காஸிடி பிராட்வே மேடைகளில் பாடி நடிப்பவர். அழகர், பகட்டுக்காரர், குடிப்பவர், வீட்டில் தங்காதவர். அம்மா ஈவ்லின் வார்டும் நடிகை. இரண்டு பேரும் ஊர் ஊராக நாடகத்துக்குப் போய்விட, பையன் நியூஜெர்ஸியில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். அப்பா அம்மாவுக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. தெருவில் விளையாடுகிற பையன்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஆபீஸில் நம்முடைய டிரான்ஸ்ஃபர் சமாசாரம் நமக்கு முன்னால் கேன்டீன் பையனுக்குத் தெரிகிற மாதிரி என்று எழுத வந்தேன். எழுதியபின் யோசித்தால், அப்படி ஒன்றும் சிரிக்கிற விஷயமில்லை.

அப்பா 1956-ல் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். சித்தி ஷெர்லி ஜோன்ஸ் பெரிய ஸ்டார். பின்னால் 'எல்மர் கேன்ட்ரி' என்ற படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். கதைகளில் வருகிற சித்தி இல்லை, நல்ல மாதிரி. அந்த அம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஷான். அவன் பின்னால் வருவான்.

டேவிட் 18 வயசில் நடிகனாகக் கிளம்பினான். 1969 ஜனவரியில் பிராட்வேயில் முதல் நாடகம். நாலே காட்சிதான் நடந்தது, கொட்டகையைச் சாத்திவிட்டார்கள். பிறகு ஹாலிவுட் பக்கம் போய் டி.வி. தொடர்களில் தலைகாட்டினான். 'பொனான்ஸா'வில் ஒரு வேஷம், 'மார்க்கஸ் வெல்பி' என்கிற டாக்டர் தொடரில் சர்க்கரை வியாதிப் பையன். உருக்கமாகச் செய்தான் என்றார்கள். விதி வேறு மாதிரி இருந்தது.

ஒரு புதிய தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனான். கணவனை இழந்த ஓர் அம்மா, ஐந்து பிள்ளைகள். எல்லோரும் சேர்ந்து பாட்டுக் கோஷ்டி ஆரம்பித்து, கட்டம் கட்டமாகப் பெயின்ட் அடித்த ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறார்கள். தொடரின் பெயர் 'பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி'. நம் பாஷையில் கௌதாரிக் குடும்பம். மூத்த பிள்ளை கீத் வேஷத்துக்கு டெஸ்ட் கொடுக்கப் போன இடத்தில், அம்மாவாக நடிக்கப் போகிறவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால், சாட்சாத் சித்தி! இவன் வருவது அவருக்குத் தெரியாது. அவர் இருப்பது இவனுக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸில் இப்படி நடந்திருந்தால் இரண்டு பேருக்கும் சொந்தக்காரர் சிபாரிசு என்று யூனியன் கொடி பிடித்திருக்கும்.

பார்ட்ரிட்ஜ் குடும்பத்தார் வாயசைத்தால் போதும், பாட்டை எல்லாம் ஸ்டூடியோ ஆட்கள் பார்த்துக் கொள்வார்கள் என்பதுதான் ஏற்பாடு. வாத்தியம் வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் கைதேர்ந்த ஸ்டூடியோ கலைஞர்கள். பையன் மட்டும் 'எனக்குப் பாட வரும் ஸார்' என்று வெஸ் ஃபாரல் என்கிற ரிகார்டு தயாரிப்பாளரிடம் மன்றாடினான். பாடச் சொல்லிப் பார்த்தார். வந்தது. கடைசியில் அந்தக் குடும்பத்தில் நிஜமாகப் பாடியது இரண்டே பேர், டேவிடும் சித்தியும். மற்றப் பிள்ளைகள் வாயசைப்புதான். அதிலும் டேவிடின் குரல் இன்னும் சின்னப் பையன் குரலாகக் கேட்கட்டும் என்று ரிகார்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்களாம். தன் குரலே தனக்கு அன்னியமாகக் கேட்டதாகப் பிற்பாடு குறைப்பட்டிருக்கிறான்.

முதல் பாட்டு 'ஐ திங்க் ஐ லவ் யூ'. தலைப்பைக் கவனியுங்கள். உன்னைக் காதலிக்கிறேன் இல்லை, காதலிக்கிறேன் என்று நினைக்கிறேன். பின்னால் ஆடிட்டில் மாட்டிக் கொள்ளாமல் இருக்க ஹெட்கிளார்க் எழுதுகிற குறிப்பு மாதிரி! 1970 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அசையவில்லை. ஐம்பது லட்சம் ரிகார்டுகள் விற்றன.

இங்கே ஒரு தேதி விஷயம். டேவிடின் சொந்த ருசி கௌதாரிப் பாட்டு இல்லை. வீட்டில் அவன் கேட்டது, அறையில் கிதாரில் வாசித்துப் பார்த்தது எல்லாம் எரிக் க்ளாப்டன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ். ஹென்ட்ரிக்ஸ்தான் தெய்வம். தெய்வம் லண்டனில் இறந்துபோனது 1970 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. பார்ட்ரிட்ஜ் குடும்பம் முதல் முதலாக டி.வி.யில் வந்தது செப்டம்பர் 25. அடுத்த வெள்ளிக்கிழமை.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். உங்களுக்கு அதில்தான் கண் என்று தெரியும். வாரம் 600 டாலர். அன்றைய மாற்று விகிதம் டாலருக்கு ஏழரை ரூபாய், அதாவது வாரம் 4,500 ரூபாய். 1970-ல் நம் ஊரில் கலெக்டருக்கே மாசச் சம்பளம் அதில் பாதி தேறாது. உடனே பெருமூச்சு விடாதீர்கள். வேலை நேரத்தைக் கேளுங்கள். பகலெல்லாம் ஷூட்டிங். சாயங்காலம் ஷூட்டிங் முடிந்ததும் நேராக ரிகார்டிங் ஸ்டூடியோ. சனி, ஞாயிறு விமானம் ஏறி வெளியூர்க் கச்சேரி. திங்கட்கிழமை காலை மறுபடி மேக்கப். நடுவே பேட்டி, போட்டோ. 1971-ல் பித்தப்பையை எடுக்க ஆபரேஷன் நடந்தது. அதற்குத்தான் கொஞ்சம் லீவு கிடைத்தது. மெடிக்கல் லீவு!

அவன் முகமோ அவனை விட அதிகமாக உழைத்தது. தகர டிபன் டப்பாவின் மேல் அவன் முகம். பபிள்கம் வாங்கினால் உள்ளே இருக்கும் அட்டையில் அவன் முகம். காமிக்ஸ், கலர் அடிக்கிற புத்தகம், தாயக்கட்டை உருட்டி விளையாடுகிற போர்டு கேம், பொம்மை பஸ், எல்லாவற்றிலும் அவன்தான். ஸ்கூலுக்குப் போகிற பெண் காலையில் அவனோடு சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி, மத்தியானம் அவனைத் திறந்து ஸாண்ட்விச் தின்று, ராத்திரி அவனைப் பார்த்தபடி தூங்கினாள். இத்தனைக்கும் காசு போனது கம்பெனிக்கு. 19 வயசில் அவன் சந்தோஷமாகப் போட்ட கையெழுத்துக்கு மேலே எங்கேயோ நடுப்பக்கத்தில் அந்த ஷரத்து இருந்தது.

அவனுக்கு ஒரு மானேஜர் அம்மாள் இருந்தார், ரூத் ஆரன்ஸ். இந்த அம்மாளைப் பற்றி ஒரு பாரா எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1936-ல் பெண்களுக்கான உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்! அமெரிக்காவிலிருந்து அந்தப் பட்டத்தை வாங்கியவர் அவர் ஒருவர்தான். அடுத்த வருஷமும் ஃபைனலுக்குப் போனார். ஆட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டே போக, நேரம் தாண்டிவிட்டது என்று நிறுத்தி, யாருக்கும் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு 2001-ல், 64 வருஷம் கழித்து, இரண்டு பேருமே சாம்பியன்கள்தான் என்று முடிவு செய்தார்கள். அம்மாள் 1980-லேயே காலமாகிவிட்டார். அரியர்ஸ் விஷயத்தில் நம்ம அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டை மட்டும் குறை சொல்கிறோம், பாருங்கள்.

பிங்பாங் ஆடினவருக்குக் கண் கூர்மை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார், முதல் பக்கத்திலிருந்து. பிறகு பையனின் பிறந்த தேதியைப் பார்த்தார். அன்றைக்கு மேஜராக வேண்டுமானால் 21 வயது ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டபோது பையன் மைனர். போட்ட கையெழுத்து செல்லாது! பந்து கம்பெனியின் பக்கம் போய் விழுந்தது. எல்லாவற்றையும் மறுபடி பேசி எழுதினார்கள். சம்பளம் பல மடங்கு ஏறியது. வழக்கமாக ஏழு வருஷத்துக்குக் கட்டிப் போடுவார்கள், அதை நாலு வருஷமாகக் குறைத்தார் அம்மாள். அது பெரிய வெற்றி என்று எழுதுகிறார்கள், வெற்றிதான். எனக்கென்னவோ கம்பெனி அதிகமாக முரண்டு பிடித்திருக்காது என்று தோன்றுகிறது. பத்து வயசுப் பெண்ணுக்கு நாலு வருஷத்தில் பதினாலு ஆகிவிடும். அவள் தங்கைக்கு வேறு முகம் வேண்டியிருக்கும். இது கம்பெனிக்குத் தெரியாதா?

மாடாக உழைக்கிற பையன் எப்படி இருந்தான்? 1972 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி, டிக்கெட் அத்தனையும் காலி. அதே வருஷம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் இரண்டு காட்சி, காட்சிக்கு 56,000 பேர். மேடிசன் ஸ்கொயரில் கடைசிப் பாட்டு முடிந்த அடுத்த நிமிஷம் அவனைப் போர்வையில் சுருட்டி, ஒரு சின்னக் காரின் டிக்கியில் படுக்க வைத்து, நகரத்தின் வேறு கோடியில் குவீன்ஸில் ஒரு மட்டமான மோட்டலில் இறக்கி விட்டுப் போய்விட்டார்கள். பெரிய ஹோட்டலில் தங்கினால் ரசிகைகள் கண்டுபிடித்து விடுவார்களே! ஆயிரக்கணக்கான பேர் இவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவன் வேர்த்துப்போன மேடைச் சட்டையோடு தன்னந்தனியாக ஒரு கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தான். லண்டனிலோ எந்த ஹோட்டலும் இடம் தரவில்லை. தேம்ஸ் நதியில் ஒரு படகைப் பிடித்து அதில் தங்கினான். பெண்கள் சிலர் ஆற்றில் குதித்தார்கள்.

அந்த வயசில் நமக்கெல்லாம் பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு பெண் திரும்பிப் பார்த்தால் ஒரு வாரம் தரையில் கால் பாவாது. இவனுக்கு லட்சம் பேர். ஒருத்திக்குக்கூட இவன் யார் என்று தெரியாது. அவர்கள் பார்த்தது கீத் பார்ட்ரிட்ஜை.

'நான் கீத் இல்லை' என்று ஊருக்குச் சொல்ல அவன் செய்த காரியம் கொஞ்சம் ஏடாகூடம். 1972 மே மாதம் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, புல்தரையில் பிறந்த மேனியாகப் படுத்துப் போட்டோவும் எடுத்துக் கொண்டான். எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். அட்டையில் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வரை போட்டார்கள். உள்ளே இருந்ததைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதினால் ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதுவார். நம்மில் சிலர் ராஜிநாமாக் கடிதம் எழுதி, ஆபீஸர் மேஜை வரை கொண்டுபோய், பிறகு பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வருவோமே, அந்த ஜாதி ராஜிநாமா இது. கம்பெனிக்குக் கோபம் வந்தது. அப்பாக்கள் அம்மாக்கள் கடிதம் எழுதினார்கள். திங்கட்கிழமை காலை அவன் மேக்கப்பு போட்டுக்கொண்டு கீத்தாகப் போய் நின்றான். ஒப்பந்தம் இருக்கிறதே!

1973-ல் தொடரைச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றினார்கள். எதிர் சேனலில் அதே நேரத்தில் 'ஆல் இன் த ஃபேமிலி'. அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தொடர் அது. கௌதாரி தாங்கவில்லை. 1974 மார்ச்சோடு 96 எபிசோடில் கதை முடிந்தது. இனி மேடைக்கும் முழுக்கு என்று அவனே முடிவு செய்து, கடைசியாக ஒரு உலகச் சுற்றுப் பயணம் கிளம்பினான். மெல்போர்னில் நடந்த கலாட்டாவில் இவனை நாடு கடத்துங்கள் என்றுகூடக் குரல் எழுந்தது.

1974 மே 26. லண்டன், வொய்ட் சிட்டி ஸ்டேடியம். சுமார் 35,000 பேர், பெரும்பாலும் சிறுமிகள். அவன் மேடைக்கு வந்ததும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ள, முன்னால் இருந்தவர்கள் தடுப்புக் கம்பியோடு நசுங்கினார்கள். நிறுத்திச் சொல்லிப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு முதலுதவி செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெண்ணை மூச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவள் இறந்தாள். வயசு பதினாலு.

அவள் பெற்றோரிடம் அவன் பேசினான். இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. போனால் அங்கேயும் கூட்டம் கூடிவிடும், போட்டோகிராபர்கள் வந்துவிடுவார்கள் என்று. ஒரு குழந்தையின் சாவுக்குத் தலைகுனிந்து நிற்கக்கூட அந்த முகத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பெண்ணின் ஞாபகம் கடைசி வரை தன்னை விடவில்லை என்று பல வருஷம் கழித்துக்கூடச் சொல்லியிருக்கிறான்.

அப்போது அவனுக்கு 24. நம்மில் பல பேர் வேலைக்கே சேராத வயசு. அவன் ரிடையர் ஆகிவிட்டான். இங்கிருந்து நான் 'அவர்' என்று எழுதுகிறேன்.

அவர் 43 வருஷம் பென்ஷன் இல்லாமல் இருந்தார். விரிவாகச் சொன்னால் அழுகைப் படமாகிவிடும், வேகமாகப் போவோம். 1975-ல் வேறு கம்பெனியில் தனக்குப் பிடித்த மாதிரி ஆல்பம் போட்டார். அதில் 'ஐ ரைட் த ஸாங்ஸ்' என்ற பாட்டு இங்கிலாந்தில் ஓரளவு ஓடியது. அமெரிக்காவில் அதே பாட்டை பாரி மானிலோ பாடி, அடுத்த வருஷ ஆரம்பத்தில் முதலிடம் பிடித்துக்கொண்டார். 1976 டிசம்பரில் அப்பா ஜாக், சிகரெட்டை அணைக்காமல் தூங்கிப்போய், வீட்டில் பிடித்த தீயில் இறந்தார். மகன் புகழ் அப்பாவுக்கு எப்போதுமே செரிக்கவில்லை. எத்தனையோ வருஷம் மேடையில் உழைத்தவரை 'டேவிட் காஸிடியின் அப்பா' என்று அழைத்தால்? கடைசி மாதங்களில் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

1978-ல் ஒரு போலீஸ் தொடரில், ஸ்டூடன்ட் மாதிரி வேஷம் போட்டு ஹைஸ்கூலுக்குள் உளவு பார்க்கப் போகிற போலீஸ்காரராக நடித்தார். வயசு 28. அதற்கு எம்மி விருதுக்குச் சிபாரிசு கிடைத்தது. அந்த உற்சாகத்தில் அவரை வைத்தே தனித் தொடர் எடுத்தார்கள். பத்து எபிசோடோடு சரி. இதற்கிடையில் தம்பி ஷான் வளர்ந்து, 1977-ல் அவனும் பாடி முதலிடம் வந்து, அவன் முகமும் சுவர் ஏறியது. சொன்னேனே, தங்கைக்கு வேறு முகம் வேண்டியிருக்கும் என்று. அதே வீட்டிலிருந்து எடுத்துக் கொண்டார்கள்.

பணம்? எண்பதுகளில் கையில் ஒன்றும் இல்லை. 1985-ல் இங்கிலாந்தில் 'த லாஸ்ட் கிஸ்' என்று ஒரு பாட்டு முதல் பத்துக்குள் வந்தது. பின்னணியில் ஹம்மிங் கொடுத்த பையன் யார் தெரியுமா? ஜார்ஜ் மைக்கேல்! அப்போது உலகம் முழுக்கச் சுவர்களில் இருந்த முகம் அவருடையது. சின்ன வயசில் காஸிடியின் ரசிகராக இருந்தவர். நடந்ததையெல்லாம் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக ஒரு பத்திரிகைக்கு அவரைப் பேட்டியும் எடுத்தார்.

மேடைதான் அவரைக் காப்பாற்றியது. அப்பாவின் தொழில். 1987-ல் லண்டனில் க்ளிஃப் ரிச்சர்டுக்குப் பதிலாக 'டைம்' நாடகத்தில் நடித்தார். 1993-ல் பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்'. பிறந்ததும் பிரிந்து, ஒருவன் ஏழை வீட்டிலும் ஒருவன் பணக்கார வீட்டிலும் வளர்கிற இரட்டைப் பிள்ளைகளின் கதை (நமக்கு இந்தக் கதை எத்தனையோ படத்தில் பழக்கம்). இரட்டையராக நடித்தவர்கள் டேவிடும் ஷானும். இரண்டு ரிடையர்ட் முகங்கள். டிக்கெட் நன்றாகவே விற்றது. 1996-ல் லாஸ் வேகாஸில் பெரிய ஷோ. அந்த ஏழெட்டு வருஷம் அவர் வாழ்க்கையில் நல்ல வருஷம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அப்பாவின் இன்னொரு சொத்தும் வந்து சேர்ந்தது. பாட்டில். 2010-க்குப் பிறகு குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக ஒன்றுக்கு மூன்று முறை கைதானார். 2015-ல் கோர்ட்டில் திவால் மனு கொடுத்தார். நடுவில் 2011-ல் ஒரு வழக்கு. பழைய கம்பெனியின் சொத்தெல்லாம் கைமாறிக் கைமாறி ஸோனியிடம் வந்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தின டிபன் டப்பாவில் இருந்த தன் முகத்துக்குப் பங்கு வேண்டும் என்று ஸோனி மேல் கேஸ் போட்டார். இதுவரை தனக்குக் கிடைத்தது மொத்தமே 5,000 டாலர் என்று கணக்குச் சொன்னார். வக்கீல்கள் ஷரத்து ஷரத்தாகப் படித்தார்கள். ஒருவழியாக அப்போதாவது யாரோ படித்தார்களே.

2017 பிப்ரவரியில் கச்சேரியில் பாட்டு வரிகள் மறந்து தடுமாறினார். மறதி நோய், அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்தது எனக்கும் வந்துவிட்டது என்று அறிவித்து மேடையை விட்டார். அடுத்த வருஷம் வெளிவந்த ஒரு டாக்குமென்டரியில் நிஜம் வெளியானது. இறப்பதற்குச் சில வாரம் முன்னால் அவரே அந்தப் படம் எடுத்தவர்களுக்குப் போன் செய்து, மறதி நோய் ஒன்றும் இல்லை, எல்லாம் குடிதான், உங்களிடமும் மறைத்துவிட்டேன் என்று ஒப்புக் கொண்டிருந்தார். 2017 நவம்பர் 21-ல் ஃப்ளோரிடாவில் ஆஸ்பத்திரியில் காலமானார். ஈரல் போய்விட்டது. வயசு 67. 'எவ்வளவு காலம் வீணாகிவிட்டது' என்பதுதான் அப்பாவின் கடைசி வார்த்தைகள் என்று மகள் கேட்டி, அவரும் நடிகை, உலகத்துக்குச் சொன்னார்.

அந்தக் கடைசி மாதங்களில் அவர் ஒரு சின்ன ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தார். 'ஸாங்ஸ் மை ஃபாதர் டாட் மீ'. அப்பாவிடம் கேட்டுப் பழகிய பாட்டுகள். குரல் கரகரத்து, வரிகள் நினைவு தப்பி, நடுநடுவே நிறுத்தி மறுபடி ஆரம்பித்துப் பாடியிருக்கிறார். இந்த முறை யாரும் வேகத்தைக் கூட்டவில்லை.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்ன ஆயிற்று என்றால், அதைப் பாலிதீன் கவரில் போட்டு மனைவி பத்திரப்படுத்திவிட்டாள். என் பையன் சமீபத்தில்தான் வேலையில் சேர்ந்திருக்கிறான். சாயங்காலம் அவனைக் கேட்டேன்.

"உனக்கு ஆர்டர் எத்தனை பக்கம்டா?"

"பேப்பரா? அதெல்லாம் இப்ப ஏதுப்பா. ஃபோன்ல வந்தது. கீழ தள்ளிட்டே போயி கடைசியில ஒரு டிக்."

"பதினோராவது ஷரத்து பார்த்தியா?"

"பதினொண்ணா?" என்று சிரித்தான். "அதுல நாப்பது, அம்பது இருக்கும்ப்பா."

அவன் ஃபோனை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறாவது வரை வந்துவிட்டேன்.